அடித்தது யாருடைய கை?

சுத்துக்கேணியிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையில் ஜெயம் பெற்றவர்கள் சாட்சி எழுதுவார்கள். வியாதி நீங்கின சாட்சி, கடன் தீர்ந்த சாட்சி. நான் எழுதப்போவது வாயினால் பாவம் செய்த ஒருவனுடைய சாட்சி. எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு மாசம் யோசித்தேன். பாஸ்டர் ஐயாதான், "எழுதுங்க மூப்பரே, நம்ம சபைல நெறைய பேருக்கு இது வேணும்" என்றார்.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்டே கரை கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் பக்கத்துக்காரர்கள் புயலைவிட அதற்கு அப்புறம் வந்த தண்ணீருக்குத்தான் பயந்தோம். வீடூர் அணையைத் திறந்துவிட்டார்கள், சங்கராபரணி ஆறு இரு கரையும் கொள்ளாமல் ஓடியது. ஆற்றோரம் தாழ்வான இடத்தில் நம் சபை சகோதரி ஒருத்தி இருக்கிறாள். புருஷன் இல்லை. ஜாக்கெட் தைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவள். தையல் மிஷின் மோட்டாரோடு தண்ணீரில் முழுகிவிட்டது. ரெண்டு ஆடு போயிற்று. பெரிய பெண்ணின் சர்டிபிகேட்டுகள் இருந்த தகரப் பெட்டிக்குள் சேறு.

மூன்றாம் நாள் நானும் இன்னொரு சகோதரரும் ஜெபிக்கப் போனோம். போனவன் ஜெபித்துவிட்டு வந்திருக்கலாம். நான் வேதத்தைத் திறந்து எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். வாசித்துவிட்டு, "தங்கச்சி, ரெண்டு மாசமா உபவாசக் கூட்டத்துக்கு நீ வரல. கர்த்தர் உன்னை நேசிக்கிறதாலதான் சிட்சிக்கிறார். இது அவருடைய அன்பு" என்றேன். நல்ல வார்த்தை சொன்னதாகவே என் நினைப்பு.

அவள் துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அப்புறம் கேட்டாள்: "அப்படியாண்ணே? பக்கத்து வூட்டுலயும்தான் தண்ணி பூந்துச்சு. அவங்க உபவாசக் கூட்டமே கேள்விப்படாதவங்க. அவங்களுக்கு இன்னா சிட்சை?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவள் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

பாஸ்டரிடம் போய், "அந்தச் சகோதரி கடினப்பட்டுப் போச்சு, ஜெபிக்கணும்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க வாசிச்ச அதிகாரத்தை நீங்களே இன்னொரு தடவை வாசிங்க. அவளுக்காக வேணாம், உங்களுக்காக" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வாசித்தேன். அன்று தொடங்கினது இந்த விசாரணை.

முதலில் அந்த வார்த்தை. சிட்சை என்றால் நமக்கு அடிதான் ஞாபகம் வரும். புளியம் விளாறு ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சொல் வடமொழியிலிருந்து வந்த சிக்ஷை. நம் ஊர் அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் எத்தனை வருஷம் 'சர்வ சிக்ஷா அபியான்' என்று பலகை மாட்டியிருந்தார்கள்! எல்லாருக்கும் கல்வி என்று அதற்கு அர்த்தம். இந்திக்காரருக்குச் சிக்ஷா என்றால் கல்வி, மலையாளிக்குச் சிக்ஷ என்றால் தண்டனை. ஒரே வார்த்தை மாகியில் ஒன்று, டெல்லியில் வேறொன்று. தமிழ் விசுவாசிகளாகிய நாம் ரெண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, நம் வசதிக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்கிறோம். நமக்குக் கஷ்டம் வந்தால் பாடம் என்கிறோம். அடுத்தவனுக்கு வந்தால் அடி என்கிறோம்.

எபிரெயர் நிருபத்தின் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் பைதெயா. பிள்ளையை வளர்த்து ஆளாக்குவது என்று கருத்து. கண்டிப்பும் அதற்குள் உண்டு, போதனையும் உண்டு. எபேசியர் 6:4-லும் பவுல் அதே சொல்லைத்தான் தகப்பன்மாருக்குச் சொல்கிறார். அந்த வசனத்தின் பின்பாதியை நான் எத்தனையோ வீட்டு ஜெபத்தில் எடுத்துப் பேசியிருக்கிறேன். முன்பாதி, பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதீர்கள் என்கிறது. அதை எடுத்துப் பேசினதாக எனக்கு ஞாபகமே இல்லை.

இன்னொன்றும் பாஸ்டர் காட்டித் தந்தார், கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லூக்கா 23-ல் பிலாத்து, இவரை அடித்து விட்டுவிடுகிறேன் என்று ரெண்டு தடவை சொல்கிறான் அல்லவா? அங்கேயும் கிரேக்கத்தில் அதே சொல்லின் வினைதான்! தேவன் பிள்ளைகளைச் சிட்சிக்கிறார் என்று சொல்ல வந்த வார்த்தை, சாட்டையால் அடிக்கிறதற்குப் பிலாத்து சொன்ன வார்த்தையும் ஆயிற்று. குற்றமில்லை என்று தெரிந்தே அடிக்கிறவனும் அதைச் 'சிட்சை' என்றுதான் சொல்லிக்கொள்கிறான். ஆகையால் வார்த்தையை வைத்து மட்டும் அன்பு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அடிக்கிற கையைப் பார்க்க வேண்டும்.

கை என்றதும் என் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுத்துக்கேணி வாய்க்காலைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சங்கராபரணித் தண்ணீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுபோகிற வாய்க்கால் அது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகும். எனக்கு ஒன்பது, பத்து வயசு இருக்கும்போது ஐப்பசி வெள்ளத்தில் பந்தயம் கட்டி அதில் குதித்தேன். கரையேற முடியாமல் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினவனை யாரோ இழுத்துப் போட்டார்கள். நைனா வயலிலிருந்து ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. வந்ததும் தொடையில் நாலு போட்டார். அடிக்கும்போது அவர் கை நடுங்கினது. அந்த நடுக்கம் இன்றைக்கும் எனக்குத் தெரிகிறது, அடியின் வலி மறந்துபோயிற்று.

இன்னொரு அடியும் உண்டு. ஒரு வருஷம் மல்லாட்டை விளைச்சல் கெட்டுப்போய், வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒருவன் தெருவில் நின்று நைனாவை அசிங்கமாகப் பேசிவிட்டுப் போனான். நான் சொம்பைத் தட்டிவிட்டேன், அவ்வளவுதான். அன்றைக்கு வாங்கின அடிக்கு இடுப்பில் தழும்பு இருக்கிறது. ரெண்டும் ஒரே தகப்பன், ஒரே விளாறு. எது எனக்காக விழுந்தது, எது அந்தக் கடன்காரனுக்காக விழுந்தது என்று பத்து வயசுப் பையனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளைகளை ஏமாற்ற முடியாது, சகோதரரே.

எபிரெயர் 12:10-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். சரீரத்தின்படியான தகப்பன்மார் தங்களுக்கு எது சரியென்று தோன்றியதோ அந்தப்படி சிட்சித்தார்கள் என்று நிருபக்காரரே ஒத்துக்கொள்கிறார். அவர்கள் சரியாகவே செய்தார்கள் என்று சொல்லவில்லை. தேவனோ அப்படியல்ல என்று காட்டத்தான் அவர்களை எடுத்துப் பேசுகிறார். நான் இத்தனை காலம் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். நைனா அடித்தார், கர்த்தரும் அடிக்கிறார், ஆகவே நானும் அடிக்கலாம் என்று ஒரு கணக்கு.

அந்தக் கணக்கை என் மகனிடத்தில் போட்டேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிவிட்டான். கேபிள் ஒயரால் அடித்தேன். அடிப்பதற்கு முன்னால் அவனை நிற்கவைத்து, நீதிமொழிகளில் பிரம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிற இடத்தை அவன் வாயாலேயே வாசிக்கச் சொன்னேன். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அப்போது நான், "உலகம் கெட்டுப்போச்சு, வேதத்துக்கு விரோதமா சட்டம் போடுறாங்க" என்று சபையில் எழுந்து பேசினவன். இப்போது யோசிக்கிறேன். என் மகனுக்கு அன்றைக்கு வேதமும் ஒயரும் ஒரே கையில் இருந்ததாகத்தானே தெரிந்திருக்கும்? அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். வாரம் ஒரு தடவை போன் வரும், அவன் அம்மாவுக்கு. "அப்பா நல்லாருக்காரா?" என்று கேட்பான். அங்கே சபைக்குப் போகிறானா என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

இந்த இடத்தில் நம் கூட்டங்களில் சொல்லுகிற ஒரு கதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஓயாமல் ஓடிப்போகிற ஆட்டுக்குட்டியின் காலை மேய்ப்பன் தானே உடைத்து, கட்டுப்போட்டு, தோளில் சுமப்பான், அப்புறம் அது அவனை விட்டுப் போகாது என்று. நானே நாலைந்து தடவை சொல்லியிருக்கிறேன். அறுப்பு முடிந்து எங்கள் வயலில் கிடை போட வந்த ஆட்டுக்காரர் ஒருவரிடம் இந்த வருஷம் கேட்டேன், இப்படிச் செய்வீர்களா என்று. அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிறதுபோல் பார்த்தார். "காலை ஒடைச்சா அப்புறம் அது கறிதான் சாமி. ஓடுற ஆட்டுக்குக் கழுத்துல கட்டையைக் கட்டி வுடுவோம்" என்றார். அவர் கையில் நீளமான துரட்டிக் கோல். அதனால் அன்று முழுவதும் அவர் ஒரு ஆட்டையும் அடிக்கவில்லை, எட்டாத கிளையை வளைத்து வளைத்துக் குட்டிகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். வேதத்தில் இல்லாத கதையை, மேய்ப்பர்களுக்கே தெரியாத கதையை, நாம் ஏன் இத்தனை ஆசையாகச் சொல்லுகிறோம்?

குயவன் உவமை அப்படியல்ல, அது எரேமியா 18-ல் இருக்கிறது. எங்கள் மண்ணுக்கும் அது புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் காசால் என்பவர் எங்கள் ஊரில் தோண்டிப் பார்த்து, இரண்டாயிரம் வருஷத்துக்கு முற்பட்ட ஈமத் தாழிகளையும் தங்க நகைகளையும் எடுத்து, 1956-ல் பாரீசில் புத்தகமே போட்டார். இன்றைக்கும் வில்லியனூர் பக்கத்து மண்பாண்ட வேலை பேர்போனது. பானை செய்கிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்திலிருந்து எடுத்த பச்சைப் பானைக்கு அடி இருக்காது. அவர் இடது கையில் ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துப் பானைக்கு உள்ளே விடுவார். வலது கையில் பலகையை எடுத்து வெளியே தட்டுவார். தட்டுகிற இடத்துக்கெல்லாம் உள்ளே இருக்கிற கை கூடவே நகரும். ஒரு தட்டு உள்கை இல்லாத இடத்தில் விழுந்தால் பானை ஓட்டையாகிவிடும்.

பிரசங்கிகள் இதைச் சொல்லி, "ஆகையால் அடியைத் தாங்கிக்கொள்" என்று முடிப்பார்கள். எனக்கு இப்போது வேறொன்று தெரிகிறது. ரெண்டு கையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். கர்த்தர் ஒரு ஆத்துமாவை வனையும்போது உள்ளே அவருடைய கை இருக்கிறது, அது வெளியே நிற்கிற எனக்குத் தெரியாது. அந்தச் சகோதரியின் வீட்டில் நான் போய் நின்றபோது என் கையில் பலகை மட்டும்தான் இருந்தது.

சரி, அப்படியானால் கர்த்தருடைய சிட்சை என்று ஒன்று இல்லையா? வெறும் மழை, வெறும் ஆறு, வெறும் அணையா? அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். என் வாழ்க்கையிலேயே ஒரு தடவை அவர் கை என் மேல் விழுந்ததை அறிவேன்.

ஞானஸ்நானம் எடுத்த பிறகும் நான் வட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சபையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் என்னிடம் கடன் வாங்கினவர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் அடித்தது. வாங்கினவர்களின் கரும்பு, வாழை எல்லாம் சாய்ந்தது. தை மாசம் நான் வீடு வீடாகப் போய் நின்றேன், விட்டுக்கொடுக்கவில்லை. என் சொந்தச் சித்தப்பா மகன் ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாகக் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டான். அதற்கப்புறம் முதுகுத்தண்டில் வலி வந்து மூன்று மாசம் பாயோடு கிடந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவனுக்கு, பூட்டின அந்த வீடு கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. சங்கீதம் 15 கடைசி வசனம், யாத்திராகமம் 22-ல் ஏழையிடம் வட்டி வாங்குகிறதைப் பற்றின கட்டளை, எல்லாம் முன்பே வாசித்தவைதான். பாயில் கிடந்தபோதுதான் என்னைப் பார்த்துப் பேசின. ஒருநாள் விடியற்காலம் அழுதேன். நோட்டைக் கிழித்துப்போடச் சொன்னேன். வீட்டுக்காரி அடுப்பில் போட்டாள்.

அது சிட்சை. டாக்டர் தேய்மானம் என்றார், அதுவும் உண்மைதான். தேய்மானத்தைக் கொண்டே கர்த்தர் என்னைப் பிடித்தார் என்று நான் சாட்சி சொல்வேன். ஆனால் கவனியுங்கள், அதைச் சிட்சை என்று எனக்கு எந்த மனுஷனும் சொல்லவில்லை. அந்த மூன்று மாசத்தில் எவனாவது வந்து, "வட்டி வாங்கினியே, பட்டுக்கோ" என்று சொல்லியிருந்தால் நான் அவன்மேல் பாய்ந்திருப்பேன். மனந்திரும்பியிருக்கமாட்டேன். அப்போது வந்த ஒரு தாயார் கால்மாட்டில் உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டுப் போனாள். அவளுக்கும் நான் வட்டி வாங்கியிருந்தேன்.

சங்கீதம் 119-ல் தாவீதோ வேறு எந்தப் பக்தனோ, உபத்திரவப்பட்டது நல்லதாயிற்று என்று சொல்லுகிறபோது, தனக்கு நல்லது என்றுதான் சொல்லுகிறான். அடுத்தவனுக்கு நல்லது என்று சொல்லவில்லை. புலம்பல் 3-ஆம் அதிகாரத்தில் அந்தக் கோலின் அடியைக் கண்டவன், 'நான்' என்று ஆரம்பிக்கிறான். யோனா மீன் வயிற்றிலிருந்து தன்னைப் பற்றித்தான் ஜெபிக்கிறான்.

நாத்தான் தாவீதைப் பார்த்து நீயே அந்த மனுஷன் என்றானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் பாஸ்டரிடம் கேட்டேன். நாத்தானைக் கர்த்தர் அனுப்பினார். தாவீது செய்த பாவம் கண்ணுக்குத் தெரிந்த பாவம். இன்னொன்று, நாத்தான் போனது சிங்காசனத்தில் இருக்கிறவனிடத்துக்கு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் போனது சேறு வழிக்கிற விதவையிடத்துக்கு. என்னை யாரும் அனுப்பவும் இல்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது நல்ல சிநேகிதர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்தபின் சொன்னதை 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கண்டிக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நம் கடற்கரையும் காரைக்காலும் நாகப்பட்டினமும் பிணக்காடாய்க் கிடந்தபோது, அது நியாயத்தீர்ப்பு என்று சில மேடைகளில் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் முடித்து ஞாயிறு காலையில் வேளாங்கண்ணி கடற்கரையில் நின்றிருந்த பக்தர்களும் அதில் போனார்கள். நான் அன்றைக்கு 'ஆமென்' போட்டவன். லூக்கா 13-ஐ வாசித்தும் போட்டவன்.

தமிழ் வேதத்தின் சரித்திரத்தில் ஃபெப்ரிசியஸ் ஐயரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு விதமாக ஆகிவிட்டது. ஜெர்மனியிலிருந்து 1740-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்தவர். 1761-ல் ஆங்கிலேயர் நம் புதுச்சேரியைப் பிடித்தபோது இங்கிருந்து எடுத்துப்போன அச்சு இயந்திரம் அவர் கைக்குத்தான் வந்தது. முழு வேதத்தையும் தமிழில் மொழிபெயர்த்தார். நாம் இன்று கையில் வைத்திருக்கிற வேதத்துக்கு அவர் போட்ட அஸ்திபாரம் உண்டு. அப்பேர்ப்பட்டவர், தம்மிடம் ஒப்படைத்த பணத்தை வட்டிக்குக் கொடுத்து, வாங்கினவர்கள் திருப்பித் தராமல், கடைசிக் காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1791-ல் மரித்தார். அது சிட்சையா, ஏமாளித்தனமா, ரெண்டுமா? வட்டியில் விழுந்த எனக்கு ஒரு அபிப்பிராயம் சொல்ல ஆசை வருகிறது. ஆனால் எபிரெயர் 12-ஐ தமிழில் எழுத அவர் எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பார்! அந்த அதிகாரத்துக்குச் சிறைக்குள் அவர் என்ன அர்த்தம் கண்டார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் அப்படித்தான். 1931 அக்டோபர் 24-ஆம் தேதி களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, இருட்டில் குழியில் விழுந்து கால் முறிந்தது. அன்று காலையில்தான், உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும் என்ற கருத்தில் ஜெபித்திருந்தார்களாம். அப்புறம் 1951-ல் மரிக்கிற வரைக்கும் ஏறக்குறைய 20 வருஷம் படுக்கைதான். அந்தப் படுக்கையிலிருந்து எழுதின முதல் புத்தகங்களில் ஒன்று வியாதியஸ்தருக்கு எழுதினது. சுகமாயிருக்கிறவர்கள் கட்டிலண்டை வந்து நின்று உபதேசிக்கிறது எப்படிக் குத்துகிறது என்று தெரிந்தவர், வியாதிக்காரி வியாதிக்காரருக்கு எழுதுகிறதாகவே அதை எழுதினார். அம்மையார் சொன்னால் கேட்கலாம். அவர் படுத்தபடி சொல்லுகிறார்.

எபிரெயர் நிருபத்தை எழுதினவரும் அப்படித்தான் என்று இப்போது படுகிறது. 10-ஆம் அதிகாரத்தைச் சேர்த்து வாசியுங்கள். சொத்துப் பறிபோன ஜனங்களுக்கு எழுதுகிறார். 'நம்மை' என்று தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். சிட்சை இப்போது சந்தோஷமாயிராது, துக்கமாகத்தான் இருக்கும் என்று வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார். அழுகிறவளைப் பார்த்து, "அழாதே, இது அன்பு" என்று அவர் சொல்லவில்லை. உடனே அடுத்த வார்த்தையாகத் தளர்ந்த கைகளையும் முடங்கின முழங்கால்களையும் நிமிர்த்தச் சொல்கிறார். என் தளர்ந்த கையை மட்டுமா? பக்கத்தில் இருக்கிறவளுடையதையும்தான். நான் அந்த அதிகாரத்தை 11-ஆம் வசனத்தோடு மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி மாசத்தில் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வேதத்தை எடுத்துப் போகவில்லை. பாகூர் பக்கத்தில் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிற ஒரு தம்பியைக் கூட்டிப்போனேன். வாசலிலேயே நின்று, "தங்கச்சி, அன்னைக்கு நான் பேசினது தப்பு. கர்த்தர் பேசச் சொல்லல, நானா பேசினேன். மன்னிச்சிக்கோ" என்றேன்.

அவள் உடனே மன்னிச்சேன் என்று சொல்லவில்லை. "நீங்க சொன்ன அன்னைக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேண்ணே, நான் இன்னா பண்ணேன், இன்னா பண்ணேன்னு. புள்ளைங்களைக் கட்டிப் புடிச்சினு யோசிச்சேன். உபவாசத்துக்கு நான் வராதது எதுக்கு தெரியுமா? பள்ளிக்கூட யூனிபாரம் ஆர்டர் வந்துச்சு. அதை தைச்சாதான் ஃபீசு கட்ட முடியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மோட்டாரைப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

மோட்டார் ஓடவில்லை. புதிது வாங்க வேண்டியிருந்தது, அதைச் சபைக் காணிக்கையில் வாங்கவில்லை. அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று எழுதினால் அது பெருமையாகிவிடும்.

இப்போது அவள் சில ஞாயிறு வருகிறாள், சில ஞாயிறு வருவதில்லை. வந்தால் கடைசிப் பாயில், சுவரோரம் உட்காருகிறாள். பெரிய பெண்ணின் சர்டிபிகேட்டுக்கு மறுபிரதி கேட்டு மனு போட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரை விட்டுப் போன என் சித்தப்பா மகன் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். போகணும். அதற்கு முன்னால் திருப்பூருக்குப் போகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ். மகனிடம் வருகிறேன் என்று வீட்டுக்காரியை விட்டுச் சொல்லச் சொன்னேன். "எதுக்கு வராரு?" என்று கேட்டானாம். "உன்னைப் பார்க்கத்தான்னு சொல்லு" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம், அப்புறம், "சனிக்கிழமை எனக்கு டூட்டி இருக்கும்மா. ஆறு மணிக்கு மேல வரச் சொல்லு" என்றானாம்.